கையிலா குற்றம், அலகிலா?



கடந்த சில இதழ்களாகச் சேமிப்பு, கடன், குழுவாகச் சேர்ந்து தொழில் செய்தல் என்பவை பற்றிக் கதைத்து வந்தோம். இம்முறை ஒரு சிறிய உருக்குத் துண்டைப் பற்றி எழுதுகிறேன். அதன் நீளம் 5 அங்குலம். அகலம் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர், அதாவது ஓர் இடியப்ப இழை அளவு. மரப் பொம்மை வெட்டும் ஸ்க்ரோல் வாள் இயந்திரத்தில் மேலும் கீழுமாக ஓடும் அலகுதான் அது. கடையில் 'பிளேட்' என்று கேட்டால்தான் விளங்கிக்கொள்வார்கள்.

சமூகவியல் படித்த எனக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்த அலகைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாமல் இருந்ததனால் ஒரு சகோதரியின் பிழைப்பு கெட்டுப்போகப் பார்த்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் வேலை செய்யும் பகுதியில் ஐந்து பெண்கள் மரப் பொம்மை செய்யப் பழகினார்கள். அவர்களில் ஒருவர் 2009இல் கணவரை இழந்தவர். ஷெல் துண்டு பட்டதனால் அவருடைய வலது மணிக்கட்டு முழுமையாக மடங்காது. முகாமில் இருந்து 2011இல் இரண்டு பிள்ளைகளுடன் ஊர் திரும்பினார். தையல் வேலைக்கு அந்தக் கை ஒத்துழைக்கவில்லை. ஆனால் ஸ்க்ரோல் வாளில் பலகையை இரண்டு கைகளாலும் மெதுவாகத் தள்ளித் திருப்பினால் போதும், வெட்டுவது இயந்திரம். கால்மிதி ஆளி ஒன்றையும் பூட்டிக் கொடுத்தோம். இரண்டு மாதத்திலேயே 6 மில்லிமீற்றர் பிளைவூட்டில் நட்சத்திரம், மீன், எழுத்துகள் எல்லாம் அழகாக வெட்டத் தொடங்கிவிட்டார்.

பின்னர் இரண்டு முன்பள்ளிகளில் இருந்து ஓடர் வந்தது. 18 மில்லிமீற்றர் தடித்த பிளைவூட்டில், தானாக நிற்கக்கூடிய யானை, பசு, ஆமை. துண்டு துண்டாகக் கழற்றிப் பூட்டும் விளையாட்டுப் பொருள். மொத்தம் 40. அவர் அதுவரை பெற்ற ஓடர்களில் அதுவே பெரியது.

முதல் ஆறும் பிழைத்துப்போயின. விளிம்புகள் கருகிவிட்டன. கோடு ஒரு பக்கம் போக, வெட்டு மறு பக்கம் போயிருந்தது. மேற்பக்கத்தால் கழன்ற துண்டு கீழ்ப்பக்கத்தால் கழலவில்லை. முன்பள்ளி ஆசிரியை ஒருவர் யானையின் காதைக் கழற்றச் சுத்தியலால் தட்ட வேண்டியிருந்ததாம். சிறு பிள்ளைகளின் கையில் அதை எப்படிக் கொடுப்பது? திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஏழாவதை வெட்டும்போது அலகு 'டப்' என்று முறிந்தது. அந்தச் சத்தத்தில் அவர் பலகையைப் போட்டுவிட்டு நிலத்தில் குந்திவிட்டார். ஏன் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இரண்டு நாள் இயந்திரத்துக்குக் கிட்டவே போகவில்லை.

“என்ர கைதான் மிஸ். இந்தக் கையை நம்பி ஓடர் எடுத்தது என்ர பிழை” என்றார்.

நானும் அதை நம்பினேன். மாதாந்த அறிக்கையில், “பயனாளியின் உடல் இயலாமை காரணமாக உற்பத்தியின் தரம் குறைவு, வேறு தொழிலுக்கு மாற்றுவது பொருத்தம்” என்று எழுதி அனுப்பினேன்.

அவர் கேட்ட கேள்வி

பத்து நாள் கழித்து அவர் அலுவலகத்துக்கு வந்தார். கையில் பழைய 6 மில்லிமீற்றர் நட்சத்திரம் ஒன்று இருந்தது.

“மிஸ், இதையும் இந்தக் கைதான் வெட்டினது. கை பிழையெண்டால் இதுவும் கோணியிருக்கத்தானே வேணும்? மெல்லிசு சரியா வருது, தடிப்பு மட்டும் ஏன் பிழைக்குது?”

என்னிடம் பதில் இருக்கவில்லை. இருவருமாக ஊரில் கதவு, யன்னல் செய்யும் ஒரு தச்சுப் பெரியவரிடம் போனோம். அவர் அந்த அலகை வாங்கி, நகத்தால் பல்லைத் தடவிப் பார்த்தார்.

“பிள்ளை, இதை ஆர் வாங்கினது?”

“நான்தான் ஐயா. பல் சின்னனாக இருந்தால் நுணுக்கமாக வெட்டும் எண்டு கடையில் சொன்னவை.”

“மீன் செதில் எடுக்கிற கத்தியால விறகு கொத்துவியளோ?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

குற்றம் அவருடைய கையில் இல்லை. வாங்கி வந்தவளிடம்தான் இருந்தது.

ஏன் அப்படி?

தையல் தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மெல்லிய துணிக்கு 9 அல்லது 11ஆம் இலக்க ஊசி போடுகிறோம். டெனிம் போன்ற தடித்த துணிக்கு 16 அல்லது 18. மெல்லிய ஊசியால் டெனிம் தைத்தால் ஊசி வளையும், முறியும். தைப்பவரின் கையைக் குறை சொல்லிப் பயனில்லை.

அலகுக்கும் அவ்வாறே இலக்கம் உண்டு. இலக்கம் கூடக்கூட அலகு அகலமாகவும் தடிப்பாகவும் இருக்கும். ஓர் அங்குலத்தில் உள்ள பற்களின் எண்ணிக்கை குறையும். நான் வாங்கிக் கொடுத்தது 2ஆம் இலக்கம். அதில் அங்குலத்துக்கு ஏறக்குறைய 20 பற்கள். 7ஆம் இலக்கத்தில் 11 அல்லது 12தான் இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் சிறிது மாறும்.

பல் கூடினால் நல்லதுதானே என்று நான் நினைத்தது மெல்லிய பலகைக்குத்தான் சரி. பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் உள்ள குழிதான் மரத்தூளை வெளியே கொண்டுவருகிறது. பலகை தடித்தால் தூள் கூடும். குழி சிறிதாக இருந்தால் தூள் அதற்குள்ளேயே அடைபட்டு உரசும். அதனால் சூடு ஏறி மரம் கருகும், அலகின் கூர் போகும். வெட்டவில்லையே என்று நாங்கள் பலகையை அழுத்தித் தள்ளுவோம். மெல்லிய அலகு பலகைக்குள் வில்லாக வளையும். மேற்பக்கம் ஒரு வடிவமும் கீழ்ப்பக்கம் வேறொரு வடிவமுமாக வெட்டுப்படும். யானையின் காது ஒரு பக்கத்தால் மட்டும் கழன்ற காரணம் இதுதான்.

பிளைவூட்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. மெல்லிய மரத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக, நார் குறுக்கு மறுக்காக வரும்படி பசை பூசி அழுத்தித்தான் அதைச் செய்கிறார்கள். அந்த இறுகிய பசை அலகின் கூரை வேகமாகத் தின்றுவிடும். பலகை தடிக்கத் தடிக்கப் பசைப் படைகளும் கூடும். அத்துடன் நார் குறுக்காக இருக்கும் அடிப்பக்கத் தாள் வெட்டும்போது சிம்பு சிம்பாகப் பிய்ந்து வரும்.

எந்த அலகை வாங்குவது?

முதலில் உங்கள் இயந்திரம் எந்த வகை அலகைப் பிடிக்கும் என்று பாருங்கள். சில அலகுகளின் இரு முனைகளிலும் குறுக்காகச் சிறு குற்றி இருக்கும். அதைப் பின் உள்ள அலகு என்பார்கள். விலை குறைந்த இயந்திரங்கள் சில இதை மட்டுமே பிடிக்கும். மற்றது முனை வெறுமையான அலகு. அதைத் திருகாணியால் இறுக்க வேண்டும். மேலே சொன்ன இலக்கங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைக்கே உரியவை. பின் உள்ள அலகை அங்குலத்துக்கு எத்தனை பல் என்று கேட்டு வாங்க வேண்டும். தடித்த பலகைக்கு 10 பல் உள்ளதைக் கேளுங்கள். பலகையின் நடுவில் துளையிட்டு உள்ளே வெட்டும் வேலைக்கு வெறுமையான முனைதான் வசதி. மிகச் சிறிய துளைக்குள்ளும் அதை நுழைக்கலாம்.

வெறுமையான முனை உள்ள அலகுக்கு இந்தக் கணக்கைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்:

3 முதல் 6 மில்லிமீற்றர் வரை: 1 முதல் 3ஆம் இலக்கம்.
9 முதல் 12 மில்லிமீற்றர் வரை: 3 அல்லது 5.
18 மில்லிமீற்றர்: 5 அல்லது 7.
25 மில்லிமீற்றர்: 7 அல்லது 9.
அதற்கு மேல் 50 மில்லிமீற்றர் வரை: 9 அல்லது 12.

மூன்று 6 மில்லிமீற்றர் பலகைகளை ஒன்றாக ஒட்டி ஒரே தடவையில் வெட்டுவதானால் அதை 18 என்றே கணக்கிடுங்கள்.

5க்கும் 7க்கும் இடையில் எதை எடுப்பது என்று தெரியாவிட்டால் உங்கள் வடிவத்தைப் பாருங்கள். அகலமான அலகு நெருக்கமான வளைவில் திரும்பாது. ஆமையின் முதுகு போன்ற பெரிய வளைவுக்கு 7 நல்லது. சிறு சிறு வளைவுகள் உண்டென்றால் 5. தடித்த பலகையில் மிக நுணுக்கமான வேலை செய்ய ஆசைப்படாதீர்கள். வடிவத்தை இலகுவாக்கிக் கொள்வதே புத்தி.

அடுத்தது பல்லின் அமைப்பு. தடித்த பிளைவூட்டுக்கு இரண்டு குணங்கள் வேண்டும். ஒன்று, பல் விட்டுப் பல் அமைந்திருக்க வேண்டும். இடையில் வெற்றிடம் இருந்தால் தூள் தாராளமாக வெளியேறும். மற்றது, அலகின் கீழ்முனையில் உள்ள சில பற்கள் மட்டும் மேல்நோக்கி இருக்க வேண்டும். அவை அடிப்பக்கச் சிம்பைச் சீவிவிடும். கடையில் 'ஸ்கிப் ரூத்', 'ரிவர்ஸ் ரூத்' என்று கேளுங்கள். சுருள் போல முறுக்கிய அலகும் விற்பார்கள். எந்தப் பக்கமும் வெட்டும் என்று அதைப் புகழ்வார்கள். அதன் வெட்டு கரடுமுரடாக இருக்கும். கோட்டில் நிறுத்துவதும் கடினம். தடித்த பலகைக்கு வேண்டாம்.

மின்சார இயந்திரம் இல்லாதவர்கள் கைச்சட்ட வாளிலும் இதே 5 அங்குல வெறுமுனை அலகைப் பூட்டலாம். ஆனால் கையால் 18 மில்லிமீற்றரை நேராக வெட்டுவது பெரும்பாடு. 6 மில்லிமீற்றருடன் நின்றுகொள்ளுங்கள்.

பூட்டும்போதும் வெட்டும்போதும்

அலகு மாற்றும் முன் மின்செருகியைக் கழற்றிவிடுங்கள். ஆளியை நிறுத்தினால் மட்டும் போதாது, கால்மிதி ஆளி உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம். பற்கள் உங்களைப் பார்த்தபடி, கீழ்நோக்கி இருக்க வேண்டும். விரலை மேலிருந்து கீழாக மெதுவாகத் தடவினால் வழுக்கும். கீழிருந்து மேலாகத் தடவினால் பல் பிடிக்கும். அலகு அதன் ஓட்டத்தில் உச்சிக்கு வரும்போது, மேல்நோக்கிய பற்களில் இரண்டு மூன்று மேசைத் தட்டுக்கு மேலே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அவற்றால் பயனில்லை.

அலகை நன்றாக இறுக்குங்கள். விரலால் அழுத்தினால் 3 மில்லிமீற்றருக்கு மேல் அசையக் கூடாது. சுண்டிப் பார்த்தால் தந்திக் கம்பி போல் தெளிவான ஓசை வர வேண்டும்.

பிறகு மேசைத் தட்டும் அலகும் செங்குத்தாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மூலைமட்டம் இருந்தால் அதை வைத்துப் பார்க்கலாம். இல்லாவிட்டாலும் வழியுண்டு. ஒரு தடித்த கழிவுத் துண்டில் சிறிய வெட்டு ஒன்று போடுங்கள். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, துண்டைத் தட்டில் இருந்து எடுக்காமலே அலகின் பின்பக்கத்துக்குச் சுற்றிக் கொண்டுபோய், அதே வெட்டுக்குள் அலகின் முதுகை நுழையுங்கள். இலகுவாக நுழைந்தால் தட்டு சரி. முட்டினால் தட்டைச் சரிசெய்யுங்கள்.

பலகையின் மேல் அகன்ற செலோரேப் ஒட்டி, அதன்மேல் வடிவம் கீறிய கடதாசியை ஒட்டுங்கள். ரேப்பின் வழுவழுப்பு உரசலைக் குறைக்கும், கருகலும் குறையும். வேகத்தை நடுத்தரமாக வைத்துப் பலகையை மெதுவாகக் கொடுங்கள். நீங்கள் தள்ள வேண்டாம், அலகு தின்னட்டும். மலிவான அலகுகளில் ஒரு பக்கப் பல் ஓரம் சற்றுக் கூராக இருப்பதால் வெட்டு ஒரு பக்கமாக இழுபடும். அது உங்கள் பிழை அல்ல. கழிவுத் துண்டில் வெட்டிப் பார்த்து, எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அறிந்து, பலகையைச் சிறிது சரித்துப் பிடியுங்கள்.

தடித்த பிளைவூட்டில் ஓர் அலகு பெரும்பாலும் அரை மணித்தியாலம்கூட நல்ல கூருடன் நிற்காது. கருகிய மணம், புகை, தள்ள வேண்டிய நிலை, கோட்டைவிட்டு விலகல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அலகை மாற்றுங்கள். முறியும் வரை வைத்திருப்பது சிக்கனம் அல்ல. ஒரு பழுதான யானைக்குப் போகும் பலகையின் விலை ஓர் அலகின் விலையைவிடக் கூட. ஓடர் எடுக்கும்போதே அலகுச் செலவையும் விலைக்குள் சேர்த்துவிடுங்கள். நாங்கள் முதலில் சேர்க்கவில்லை.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் அலகு சிலவேளை முறியத்தான் செய்யும். சத்தமும் கேட்கும். சத்தத்தால் நெஞ்சு பதறுபவர்கள் நம்மில் பலர். பழகும்போது பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் கேட்டால் காலை எடுத்து, இயந்திரம் நிற்கும் வரை கையை விலக்கி இருங்கள். வெளியில் சென்று தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மூக்கு, வாய் இரண்டையும் நன்றாக மூடும் முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம் அணியுங்கள். மரத்தூளைப் புற்றுநோயை ஏற்படுத்தும் பொருட்களின் முதலாம் பிரிவில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் சேர்த்திருக்கிறது. பல பிளைவூட் பசைகளில் உள்ள போமல்டிஹைட்டும் அதே பிரிவில்தான் உள்ளது. காற்றோட்டமான இடத்தில் வெட்டுங்கள். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வெட்டவே கூடாது. கூந்தலையும் சேலைத் தலைப்பையும் கட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 3 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மையில் சிறு துண்டுகள் இருக்கக் கூடாது. 31.7 மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரு சிறு குழாய்க்குள் முழுதாக அடங்கும் துண்டு பிள்ளையின் தொண்டையில் அடைக்கக்கூடியது என்பதுதான் சர்வதேச அளவுகோல். தடித்த பலகையில் பெரிய துண்டுகளாக வெட்டுவது பிள்ளைகளுக்கும் நல்லது, அலகுக்கும் நல்லது.

பிறகு என்ன நடந்தது?

எங்கள் ஊர்க் கடைகளில் 7ஆம் இலக்க அலகு கிடைக்கவில்லை. கொழும்பில் இருந்து பொதியாக எடுப்பித்தோம். வந்து சேர மூன்று வாரம் சென்றது. ஆகையால் ஓடர் எடுக்கும் முன்பே ஒரு டசின் அலகையாவது வாங்கி வைத்துவிடுங்கள்.

புதிய அலகைப் பூட்டி அவர் வெட்டிய முதல் யானை இன்று என் மேசையில் நிற்கிறது. கருகல் இல்லை. காது மேற்பக்கத்தாலும் கழலுகிறது, கீழ்ப்பக்கத்தாலும் கழலுகிறது. அதைப் பல தடவை கழற்றிப் பூட்டிப் பார்த்துவிட்டு, அவர் தன் வலது மணிக்கட்டை இடது கையால் தடவிக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குள் ஒரு முன்பள்ளி வேறிடத்தில் வாங்கிவிட்டது. மற்றையது காத்திருந்து 20 பொம்மைகளை வாங்கியது. பாதி ஓடர் போனது போனதுதான். அந்த இழப்புக்கு நான் பொறுப்பு என்று அவரிடம் சொன்னேன்.

“பரவாயில்லை மிஸ். கை பிழையில்லை எண்டு தெரிஞ்சதே போதும்” என்றார்.

எனக்கு அது போதவில்லை. என் அறிக்கை கோப்பில் கிடந்தது. அதைப் படிக்கும் அடுத்த உத்தியோகத்தர் அவரை 'இயலாதவர்' என்றே கணக்கெடுப்பார். முடிந்த மாதத்தின் அறிக்கையை ஏன் கிளறுகிறீர்கள் என்று கேட்டார்கள். ஆனாலும் ஒரு கடிதம் எழுதி அதே கோப்பில் சேர்ப்பித்தேன். “தரக்குறைவுக்குக் காரணம் பயனாளியின் கை அல்ல, நான் கொள்வனவு செய்த பொருத்தமற்ற அலகு” என்பதே அதன் சாரம்.

போருக்குப் பின்னர் நம்மைப் பற்றி எத்தனையோ படிவங்களில் எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். இயலாது, ஆர்வமில்லை, ஒத்துழைப்பில்லை என்றெல்லாம். சகோதரிகளே, அடுத்த முறை ஒரு வேலை பிழைத்தால் உங்களை நீங்களே குறை சொல்லும் முன் கையில் தந்த கருவியைப் பாருங்கள். சரியாக வந்த ஒரு பழைய வேலையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தச் சகோதரி நட்சத்திரத்துடன் வந்து கேட்ட கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள். எங்களைப் போன்ற உத்தியோகத்தர்களிடமும் கேளுங்கள்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.